தற்காலிகப் பெவிலியன் கட்டப் போகிறீர்களா? கூரையைக் கடைசியில் யோசியுங்கள்

பெவிலியன் கட்டப் போகிறோம் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு கூரைப் படத்தோடுதான் வருகிறார்கள். அலைபோல் வளைந்த கூரை, கீழே பச்சைப் புல், ஓரத்தில் தனியாகச் சாய்ந்து நிற்கும் ஒரே ஒரு மனிதர். படம் அழகாகவே இருக்கும். நான் ஒன்றுதான் கேட்பேன்: "மாலை ஆறரைக்கு மழை பிடித்துக்கொண்டால் வயலின்காரர் எந்தப் பக்கம் நகர்வார்?" பதில் வராது. படத்தில் வயலின்காரரே இல்லையே.

சில வாரங்களோ சில மாதங்களோ நின்று, கூட்டத்துக்கும் இசைக்கும் நாடகத்துக்கும் பேச்சுக்கும் இடம் கொடுத்துவிட்டுக் கழற்றப்படும் கட்டுமானத்தைத்தான் இங்கே பெவிலியன் என்கிறேன். பந்தலும் அதே குடும்பம்தான். பெவிலியன் என்ற சொல் லத்தீனில் வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. விரிந்த கூடாரம் இறக்கை விரித்தது போல இருந்திருக்கும். பறந்துவிடும் என்ற எச்சரிக்கையும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. காற்றைப் பற்றிப் பேசும்போது புரியும்.

சிறியதாக, 100 அல்லது 150 பேர் கூடும் அளவில், முதல்முறை கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய கண்காட்சிகளின் பெயர்களும் இடையே வரும். அவற்றின் பணம் நம்மிடம் இருக்காது, ஆனால் அவர்கள் கண்டுபிடித்தவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் நேர அட்டவணை, பிறகு படம்

ஒரு தாளை எடுத்து, பெவிலியன் திறந்திருக்கும் ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள். காலை 10 மணிக்கு யாரும் இல்லை. 11 மணிக்கு இரண்டு பேர் நிழலுக்கு வந்து உட்காருகிறார்கள். 3 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் 30 பேர். 5 மணிக்கு ஒலிச் சோதனை. 6.30க்கு நிகழ்ச்சி, 120 பேர். 8.15க்கு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போகிறார்கள். 9 மணிக்கு ஒருவர் பூட்டுகிறார். எதைப் பூட்டுகிறார்?

இந்த அட்டவணையில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நிகழ்ச்சி நடப்பது ஒன்றே முக்கால் மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் பெவிலியன் சும்மா நிற்கிறது. அந்த நேரத்திலும் யாராவது வந்து உட்காரும்படி இருந்தால்தான் அது பொது இடம். இல்லையென்றால் நாள் முழுக்கக் காலியாகக் கிடக்கும் மேடை.

லண்டனில் செர்பன்டைன் காலரி என்ற கலைக்கூடம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ எல்லாக் கோடையிலும் ஒரு பெவிலியன் எழுப்பி வருகிறது. முதலாவதை வடிவமைத்தவர் ஸாஹா ஹடித். 2006இல் ரெம் கூல்ஹாஸும் பொறியாளர் செசில் பால்மண்டும் சேர்ந்து அங்கே கட்டியதில், வட்டமான அரங்கின் மேல் காற்றடைத்த முட்டை வடிவக் கூரை மிதந்தது. வானிலையைப் பொறுத்து அதை ஏற்றலாம், இறக்கலாம். உள்ளே 24 மணி நேரம் தொடர்ந்து நேர்காணல்கள் நடந்தன. 2012இல் ஹெர்ஸோக் – டி மெரோன் நிறுவனமும் ஐ வெய்வெய்யும் கட்டியதில் தரையைத் தோண்டி இருக்கைகளைக் கீழே இறக்கினார்கள். தாழ்வான கூரைமேல் தண்ணீர் நின்றது. தண்ணீரை வடித்துவிட்டால் அந்தக் கூரையே நடன மேடை. இரண்டிலும் வடிவத்துக்கு முன்னால் ஒரு நாள் எப்படிப் போகும் என்ற யோசனை இருந்திருக்கிறது.

அட்டவணையின் கடைசி வரியாகக் கழற்றும் தேதியையும் எழுதிவிடுங்கள். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால், பசை ஒட்டுவீர்கள், ஆணி அடிப்பீர்கள், கான்கிரீட் ஊற்றுவீர்கள். தேதி எழுதியிருந்தால் போல்ட் போடுவீர்கள்.

இடத்தை நிகழ்ச்சி நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலை 11 மணிக்கு இடம் பார்த்துவிட்டு மாலை நிகழ்ச்சிக்குக் கட்டுவது நான் அடிக்கடி பார்க்கும் பிழை. மாலையில் சூரியன் தாழ்ந்து நேராக முகத்தில் அடிக்கும். மேடை மேற்குப் பக்கம் இருந்தால் பார்வையாளர்களுக்கு நடிகர்கள் கரும் நிழல்களாகத்தான் தெரிவார்கள். மேடை கிழக்கே இருந்தால் நடிகர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடிப்பார்கள். நான் பெரும்பாலும் மேடையை வடக்கிலோ தெற்கிலோ வைத்துவிடுவேன்.

அங்கே நின்றபடி பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பேருந்து நிறுத்தம், குளிரூட்டியின் வெளிப்பெட்டி, விளையாட்டுத் திடல் எல்லாம் காதில் விழும். அதன்பிறகு லாரி எப்படி உள்ளே வரும் என்று பாருங்கள். 6 மீட்டர் குழாயைத் தோளில் சுமந்து திரும்பக் கூடிய வளைவா? மண்ணைக் காலால் அழுத்துங்கள், முடிந்தால் மழைக்கு மறுநாள் போய் அழுத்துங்கள். தரைக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று இடத்துக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முளை அடிக்கும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அது இல்லை.

தரையும் விளிம்பும்

இருக்கைதான் பெவிலியனின் உயிர். மேடைக்கு முன்னால் வரிசையாக நாற்காலி போட்டால் ஒருவருக்கு நடைவழியும் சேர்த்து ஏறத்தாழ 1 சதுர மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 120 பேருக்கு 120 சதுர மீட்டர், மேடை தனி. இந்தக் கணக்கைப் பார்த்ததும் பலருக்குக் கூரை பெரிதாகிவிடும், பட்ஜெட்டும் கூடவே. அதற்கு ஒரு மாற்று உண்டு. எல்லோரும் கூரைக்குள் இருக்க வேண்டியதில்லை. கலைஞர்களும் கருவிகளும் மின்சாரமும் கூரைக்கடியில் கட்டாயம் இருக்க வேண்டும். பார்வையாளர்களில் பாதிப் பேர் விளிம்பில் உட்காரலாம். விளிம்பு என்பது உள்ளேயும் வெளியேயும் சேராத இடம். வழியே போகிறவர் "கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்" என்று கால் வைப்பது அங்கேதான். அவர் உட்கார 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு திண்ணை போதும். டிக்கெட் இல்லாத நிகழ்ச்சியில் இந்தத் திண்ணையை மூடிவிடாதீர்கள்.

மெல்போர்னில் 2014இல் தொடங்கிய எம்பெவிலியன் வரிசையில், 2017இல் கூல்ஹாஸும் டேவிட் ஜியானோட்டனும் வடிவமைத்ததில் இரண்டு படிக்கட்டு இருக்கைத் தொகுதிகள் இருந்தன. ஒன்று அசையாதது, மற்றொன்றை நகர்த்தலாம். எதிரெதிரே வைத்தால் விவாத அரங்கு, சேர்த்தால் திரையரங்கு. நம் அளவில் இதையே சக்கரம் பூட்டிய நாலு பெஞ்சுகளை வைத்துச் செய்யலாம். சக்கரத்துக்குப் பூட்டு இருக்கட்டும்.

சமதரையில் பின்வரிசைக்கு மேடை தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை. உடனே மேடையை உயர்த்தத் தோன்றும். அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்: முதல் இரண்டு வரிசை தரையில் பாயோ மெத்தையோ, அடுத்தது தாழ்ந்த பெஞ்சு, அதற்கடுத்து நாற்காலி, அதற்குப் பின் உயர்ந்த ஸ்டூல், கடைசியில் நிற்பவர்கள். மேடையை உயர்த்தாமலே பின்வரிசைக்கும் தெரியும். மேடை வேண்டும் என்றால் 30 சென்டிமீட்டரில் நிறுத்திக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவில் போக வேண்டும் என்பது பல நாடுகளில் புழங்கும் அளவு. 30 சென்டிமீட்டர் மேடைக்கு 3.6 மீட்டர் சாய்தளம் வேண்டும், 60 சென்டிமீட்டருக்கு 7.2 மீட்டர். மேடைக்குச் சாய்தளம் வேண்டாம், பார்வையாளர் பகுதிக்குப் போதும் என்று யாராவது சொன்னால், சக்கர நாற்காலியில் வரும் பாடகர் எப்படி ஏறுவார் என்று கேளுங்கள். நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள காலியிடமும் வேண்டும்.

பலகைத் தளம் போட்டால் அதன் கீழுள்ள சட்டம் மக்கள் கூட்டத்தைத் தாங்க வேண்டும். கூடும் இடங்களுக்குப் பொறியாளர்கள் வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 500 கிலோ அளவில் கணக்கிடுவார்கள். வீட்டுத் தரையைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல். நடனம் என்றால் எடையோடு தாளத்தையும் பார்க்க வேண்டும். நொடிக்கு இரண்டு முறை நூறு கால்கள் ஒன்றாக விழும்போது, மெல்லிய தளம் அதே தாளத்தில் எகிற ஆரம்பித்துவிடும்.

எதனால் கட்டுவது

முதல்முறை என்றால் என் பரிந்துரை சாரக்கட்டு. குழாயும் கவ்வியும் வாடகைக்குக் கிடைக்கும், கட்டத் தெரிந்த ஆள் கிடைப்பார், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். அழகாக இருக்காதே என்று தயங்க வேண்டாம். 1979இல் ஆல்டோ ரோஸ்ஸி வெனிஸில் தண்ணீரில் மிதக்கும் நாடக அரங்கு ஒன்றைக் கட்டினார். படகின்மேல் நின்ற அந்தக் கோபுரத்தின் எலும்புக்கூடு முழுக்க எஃகுச் சாரக் குழாய்தான். வெளியே மரப்பலகை போர்த்தியிருந்தார். சாரத்தின்மேல் எதைப் போர்த்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 2010இல் லண்டனில் அசெம்பிள் என்ற இளைஞர் குழு செய்தது. கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தை அவர்கள் சில வாரங்களுக்குத் திரையரங்காக மாற்றினார்கள். நிலையத்தின் கூரை ஏற்கெனவே இருந்தது. சுற்றிலும் சுவர் வேண்டும். கூரைக்கடியில் விரிக்கும் வெள்ளி நிறப் படலத்தை மடிப்பு மடிப்பாகத் தைத்துத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டார்கள். இருக்கைகள் சாரப் பலகையில் செய்தவை. படம் முடிந்ததும் திரைச்சீலை முழுவதும் மேலே ஏறும். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் திடீரெனச் சாலையையும் வண்டிகளையும் பார்ப்பார்கள். சாலையில் போகிறவர்கள் ஒரு கூட்டமே தங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். மலிவான துணி, சில கப்பிகள், கயிறு. கட்டியவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள்.

மரச்சட்டம் நல்லது, ஆனால் அளவெடுத்து வெட்டத் தெரிந்த கை வேண்டும். மூங்கில் இலகுவானது, அழகானது. 2016இல் பிஜோய் ஜெயினின் ஸ்டூடியோ மும்பை மெல்போர்னில் கட்டிய பெவிலியன் மூங்கிலும் கயிறும்தான். ஆனால் ஒரே அளவில் மூங்கில் கிடைக்காது, முடிச்சுத் தெரிந்தவர் இல்லாமல் தொடாதீர்கள். காற்றடைத்த கட்டுமானம் குறைந்த நேரத்தில் எழும். 2011 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, ஜப்பானின் மட்சுஷிமாவில் 2013இல் அனீஷ் கபூரும் அராட்டா இசோஸாகியும் உருவாக்கிய ஆர்க் நோவா காற்றடைத்த இசையரங்கில் ஏறத்தாழ 500 பேர் உட்காரலாம். அப்படி ஒன்றைச் செய்தால் விசிறி ஓயாமல் ஓட வேண்டும். மின்சாரம் போனால் கூரை மெல்ல இறங்கும். மாற்று ஜெனரேட்டர் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

துணிக் கூரையில் ஒரே ஒரு விதியை மனதில் வையுங்கள். தட்டையான துணி கூரையாகாது. 1955இல் ஜெர்மனியின் காஸெல் நகரில், தோட்டக் கண்காட்சியின் இசைமேடைக்கு ஃப்ரை ஓட்டோ போட்ட துணிக்கூரையைப் படத்தில் பாருங்கள். நான்கு மூலைகள், எதிரெதிர் இரண்டு மேலே, மற்ற இரண்டு கீழே. குதிரைச் சேணம்போல இரு திசைகளிலும் வளைந்து இழுபட்டிருக்கும். காற்று மேலே தூக்கினால் ஒரு வளைவு பிடித்துக்கொள்ளும், மழை கீழே அழுத்தினால் மற்றொன்று பிடிக்கும். தண்ணீரும் தாழ்ந்த இரண்டு மூலைகளுக்கு ஓடிவிடும். கைக்குட்டையின் நான்கு மூலைகளை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

எனக்கு இது பட்டுத்தான் புரிந்தது. என் முதல் பெவிலியனில் தார்ப்பாயைக் கிட்டத்தட்டத் தட்டையாகக் கட்டியிருந்தோம். இரவு மழை. நடுவில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில் ஒரு சின்னக் குழிவு. அதில் சராசரியாக 5 சென்டிமீட்டர் தண்ணீர் என்றாலே 300 கிலோ. எடை ஏற ஏறக் குழிவு ஆழமாகும், ஆழமாக ஆழமாக இன்னும் தண்ணீர் சேரும். காலையில் போனபோது தார்ப்பாய் மாட்டு மடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது, நடுக்குழாய் வளைந்திருந்தது. நல்லவேளை உள்ளே யாரும் இல்லை.

காற்று

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கூரை விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறார்கள். சிறிய பெவிலியன்களில் கூரை பறந்துவிடுமோ என்றுதான் பயப்பட வேண்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, தன்னோடே பெருக்கி, 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். அழுத்தம் 60 நியூட்டன், அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6 கிலோ. மணிக்கு 72 கிலோமீட்டரில் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகி 24 கிலோவைத் தொடும்.

8 மீட்டருக்கு 10 மீட்டர் கூரை என்று வையுங்கள், 80 சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் காற்று அதை மேல்நோக்கி முழுவதுமாகத் தூக்கினால் ஏறத்தாழ 2 டன் இழுவிசை. கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும்; ஓரங்களில் கூடத்தான் செய்யும். பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு எடுத்தால் 3 டன். கட்டுமானத்தின் சொந்த எடை அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். நான்கு கால்களுக்கும் பிரித்தால் காலுக்கு 750 கிலோ. ஒரு கன மீட்டர் கான்கிரீட் 2400 கிலோ என்பதால், ஒவ்வொரு காலடியிலும் பக்கத்துக்கு 68 சென்டிமீட்டர் உள்ள கான்கிரீட் கனசதுரம் வேண்டும். மணல் மூட்டை நாலு போட்டால் போதும் என்று நினைத்திருந்தவர்கள் இந்த இடத்தில் அமைதியாகிவிடுவார்கள்.

பாரம் வைத்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. காற்று பக்கவாட்டிலும் தள்ளும். ஈரப் புல்மேல் கான்கிரீட் கட்டை வழுக்கும். அதனால் குறுக்குக் கம்பிகளும் மண்ணில் இறங்கும் பிடிமானமும் வேண்டும். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில், இசை நிகழ்ச்சி தொடங்க இருந்த வேளையில் புயல் காற்றில் மேடைக் கூரை சரிந்து 7 பேர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தவற்றில் இரண்டு நமக்கு நேரடியாகப் பொருந்தும். இழுகம்பிகளைக் கட்டியிருந்த கான்கிரீட் தடுப்புகளின் பிடிமானம் போதவே இல்லை. கூட்டத்தை எப்போது, யார் வெளியேறச் சொல்வது என்பதில் தெளிவான திட்டமும் இல்லை.

ஆகவே இரண்டு வேலைகள். ஒன்று, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் கணக்குப் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நான் மேலே போட்டது உங்களைப் பயமுறுத்துவதற்கான கணக்கு, கட்டுவதற்கானதில்லை. அவரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: எந்த வேகத்தில் நிகழ்ச்சியை நிறுத்த வேண்டும், எந்த வேகத்தில் ஆட்களை வெளியேற்ற வேண்டும், எந்த வேகத்தில் துணியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு, கூரை மட்டத்தில் காற்றுமானி ஒன்றை மாட்டி, அதைப் பார்க்கும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அவர் சொன்னால் நிகழ்ச்சி நிற்கும். முக்கிய விருந்தினர் பேசிக்கொண்டிருந்தாலும் நிற்கும். இதை விருந்தினரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இடி மின்னலுக்கு நான்கு பக்கமும் திறந்த பெவிலியன் பாதுகாப்பான இடம் இல்லை. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவு என்றால் எல்லோரும் சுவருள்ள கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும். அந்தக் கட்டடம் எது, அதன் சாவி யாரிடம் என்பது முதல் நாளே தெரிந்திருக்கட்டும்.

ஒலி

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறையும். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபெல் என்றால் 2 மீட்டரில் 54, 4இல் 48, 8இல் 42, 16இல் 36. நகரத்துப் பூங்காவின் பின்னணி இரைச்சலே பெரும்பாலும் 45க்கு மேல் இருக்கும். மூன்றாவது நான்காவது வரிசையிலேயே பேச்சு அந்த இரைச்சலில் அமிழ ஆரம்பித்துவிடும். குரலை உயர்த்தினால் இன்னும் சில மீட்டர் கிடைக்கும், அவ்வளவுதான்.

மைக்குக்கு ஓடும் முன் ஒரு பலகையைப் போட்டுப் பாருங்கள். கலைஞரின் முதுகுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டரில் தடித்த பிளைவுட் சுவர், தலைக்கு மேல் சற்றுச் சாய்ந்த இன்னொரு பலகை. பின்னாலும் மேலேயும் வீணாகப் போகும் ஒலி முன்பக்கம் திரும்பும். துணி இதைச் செய்யாது; மெல்லிய துணிவழியே ஒலி பாதி வெளியே போய்விடும். குழிந்த வடிவங்களில் கவனம் தேவை. குவிமாடமும் அரைவட்டக் கூரையும் ஒலியை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளியில் உட்கார்ந்தவருக்கு எல்லாம் கேட்கும், இரண்டு நாற்காலி தள்ளி ஒன்றும் கேட்காது. எதிரே பெரிய கட்டடச் சுவர் இருந்தால், போய்த் திரும்பி வரும் ஒலி நேர் ஒலியைவிட 17 மீட்டருக்கு மேல் கூடுதலாகப் பயணிக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகி எதிரொலியாகத் தனியே கேட்கத் தொடங்கும். காலி இடத்தில் கை தட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மழையின் சத்தத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தகரத்திலும் பாலிகார்பனேட் தகட்டிலும் மழை விழுந்தால் வசனம் ஒன்றும் காதில் விழாது. ஒருமுறை தனிக்குரல் பாடகி ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. மைக் இருந்தும் பயனில்லை. அவர் பாட்டை நிறுத்திவிட்டு, படியிறங்கி வந்து, நடுவில் நின்று, எல்லோரையும் நெருங்கி வரச் சொன்னார். நாற்பது பேர் மூன்று மீட்டர் வட்டத்துக்குள் நின்று கேட்டோம். அதன்பிறகு நான் கட்டியவற்றில் எல்லாம், நடுவில் நாற்காலிகளை ஒதுக்கி ஒரு வெற்றிடம் உண்டாக்க முடியுமா என்று பார்த்துத்தான் இருக்கை போடுகிறேன்.

பார்வையாளர் நடுவில், கலைஞர்கள் சுற்றிலும் என்பதையும் யோசிக்கலாம். 1984இல் ரென்சோ பியானோ வெனிஸில் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் கப்பல்போல் எழுப்பிய மர இசையரங்கில், கேட்பவர்கள் நடுவில் உட்கார்ந்தார்கள், இசைக்கலைஞர்கள் சுற்றிலும் மேல்தளங்களில் நின்றார்கள். சிறிய இடத்துக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே பொருந்தும், எல்லோருக்கும் யாராவது ஒரு கலைஞர் அருகில் இருப்பார்.

மின்சாரம், வழிகள், அனுமதி

இவை சலிப்பூட்டும், ஆனாலும் தவிர்க்க முடியாதவை. உரிமம் பெற்ற மின்பணியாளர். ஒவ்வொரு இணைப்புக்கும், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவு துண்டிப்பான். உலோகச் சட்டம் முழுவதும் எர்த் செய்யப்பட வேண்டும். கம்பிகள் நடைவழியைக் கடக்கவே கூடாது, கடந்தே ஆக வேண்டும் என்றால் மேடுபோன்ற மூடிக்கடியில். துணியும் திரைச்சீலையும் தீத்தடுப்புச் சான்றுள்ளவையாக இருக்கட்டும்.

வெளியேறும் வழிகள் குறைந்தது இரண்டு, ஒன்றுக்கொன்று தள்ளி. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் லு கார்பூசியரின் அலுவலகத்திலிருந்து யானிஸ் செனாகிஸ் உருவாக்கிய பிலிப்ஸ் பெவிலியனின் தரைப்படம் வயிறு போன்றது. மக்கள் ஒரு பக்கம் நுழைவார்கள், எட்டு நிமிட ஒலி ஒளிக் காட்சி, மறுபக்கம் வெளியேறுவார்கள். வருகிறவர்களும் போகிறவர்களும் மோதிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே மாலையில் மூன்று குறுங்காட்சிகள் நடத்துகிறீர்கள் என்றால் அந்த வயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதிகள் ஊருக்கு ஊர் வேறு. இடத்துக்காரர், உள்ளாட்சி, தீயணைப்பு, ஒலிபெருக்கி, காப்பீடு என்று ஐந்து வரி போட்டு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று முதல் வாரமே கேட்டு எழுதுங்கள். தீயணைப்பு அதிகாரியை வடிவமைப்பு முடிந்தபிறகு சந்திப்பது வீண்செலவு. 2000ஆம் ஆண்டு ஹானோவர் உலகக் கண்காட்சியில் ஷிகேரு பான் காகிதக் குழாய்களால் ஜப்பான் பெவிலியனை எழுப்பினார். அதிகாரிகளின் நிபந்தனைகளுக்காக அதில் மர வளைவுகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அவருக்கே அப்படி என்றால் நாம் முன்கூட்டியே போய் நிற்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

எழுப்பும் நாள்

எல்லாத் துண்டுகளையும் வேறோர் இடத்தில், முடிந்தால் ஒரு கிடங்கில், ஒருமுறை முழுதாகப் பூட்டிக் கழற்றிவிடுங்கள். ஒத்திகை இல்லாத நாடகத்தை மேடையேற்ற மாட்டீர்கள் அல்லவா. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போடுங்கள். சாக்பீஸில் போடாதீர்கள். ஒருமுறை போட்டோம், லாரியிலேயே மழை நனைத்து 64 சட்டங்களும் ஊமையாகிவிட்டன. அரைநாள் அளவெடுத்தே போயிற்று. பெயின்ட் மார்க்கர், அல்லது குத்திய தகட்டு எண்.

தன்னார்வலர்கள் இருந்தால் ஒரே அளவு போல்ட் மட்டும் வாங்குங்கள். இரண்டு அளவு இருந்தால் நிச்சயம் மாறிப் பூட்டுவார்கள். கனம் மாறும் இடத்தில்கூடக் கொஞ்சம் தடித்த போல்ட்டையே எல்லா இடத்துக்கும் போடச் சொல்வேன், பொறியாளர் ஒத்துக்கொண்டால். ஏணியில் ஏறுபவர் கீழே எதையும் நழுவவிடாதபடி கருவிகளைக் கயிற்றில் கட்டிக்கொள்ளட்டும். காற்று எழும் மதியத்தில் துணி விரிக்காதீர்கள், விடியற்காலையில் விரியுங்கள். முதலில் பாரம், பிறகு சட்டம், குறுக்குக் கம்பி, கடைசியில் துணி. கழற்றும்போது அப்படியே தலைகீழாக.

கழற்றும் வாரம்

இங்கேதான் முதலில் எழுதிய தேதி கைகொடுக்கும். துண்டுகள் எங்கே போகும் என்பது இந்நேரம் முடிவாகியிருக்க வேண்டும். மெல்போர்னின் மூங்கில் பெவிலியன் பிறகு அந்நகரின் உயிரியல் பூங்காவுக்குப் போயிற்று. ஹானோவரின் காகிதப் பெவிலியனுக்குக் கான்கிரீட் அடித்தளமே போடவில்லை. மணல் நிரப்பிய பெட்டிகள்தான் அடித்தளம், மணலைக் கொட்டினால் வேலை முடிந்தது. அசெம்பிள் குழு 2011இல் லண்டனில் ஒரு நெடுஞ்சாலைப் பாலத்துக்கடியில் கட்டிய அரங்கின் பொருள்கள் பிறகு பள்ளி ஒன்றுக்குப் போயின. நமக்குப் பக்கத்திலும் ஒரு பள்ளியோ தோட்டமோ நாடகக் குழுவோ இருக்கும். திறப்பு விழாவுக்கு அவர்களை அழைத்து, "இந்தப் பெஞ்சு உங்களுக்கு" என்று காட்டிவிடுங்கள். பெஞ்சை அவர்களே பத்திரமாகப் பார்த்துக்கொள்வார்கள்.

கழற்ற எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கில் ஏமாந்துவிடாதீர்கள். கட்டும்போது 30 பேர் வந்திருந்தால் கழற்ற 8 பேர் வருவார்கள். அந்த 8 பேருக்குக் கூலி ஒதுக்கி வையுங்கள், அல்லது கடைசி நிகழ்ச்சியையே கழற்றும் நிகழ்ச்சியாக அறிவித்துவிடுங்கள். ஒருமுறை அப்படிச் செய்தோம். கடைசி பாட்டு முடிந்ததும் பார்வையாளர்கள் அவரவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் தாங்களே தூக்கி லாரியில் வைத்தார்கள். சட்டங்களையும் உயரத்தில் உள்ளவற்றையும் மறுநாள் தெரிந்தவர்கள் கழற்றினார்கள்.

கடைசியாகப் புல்வெளி. கட்டும் முன் எடுத்த புகைப்படங்களை எடுத்துக்கொண்டு இடத்துக்காரரோடு ஒரு சுற்று நடங்கள். முளை இருந்த குழிகளில் மண்ணும் விதையும் போடுங்கள். அதன்பிறகு, கயிறு கட்டிய பெரிய காந்தம் ஒன்றை வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போங்கள். எல்லாம் பொறுக்கியாயிற்று என்று சத்தியம் செய்தபிறகு நாங்கள் இழுத்ததில் அரை வாளி திருகாணி வந்தது.